இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் ஏன் சமம்? நிரூபணம் எழுதப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

இணைகரம் ஒன்றை வரைந்து அதன் எதிர்ப்பக்கங்களை ஸ்கேலால் அளந்தால் இரண்டும் ஒரே நீளம் என்று உடனே தெரிந்துவிடும். பிறகு நிரூபணம் எதற்கு? ஒன்பதாம் வகுப்பில் வடிவியலைத் தொடும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஸ்கேலில் மில்லிமீட்டருக்குக் கீழே கோடு கிடையாது, 6.2 செ.மீ. என்று நீங்கள் படித்தது 6.23 ஆகவும் இருக்கலாம். அது போகட்டும் என்றாலும், நீங்கள் அளந்தது உங்கள் நோட்டில் உள்ள ஒரே ஓர் இணைகரத்தை. இதுவரை யாரும் வரையாத இணைகரங்களுக்கும் சேர்த்து வாக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அளவு கைகொடுக்காது.

இந்தத் தேற்றத்தின் சுவை வேறோர் இடத்தில் இருக்கிறது. வரையறையைப் பாருங்கள்: இரண்டு சோடி எதிர்ப்பக்கங்களும் இணையாக உள்ள நாற்கரம் இணைகரம். அவ்வளவுதான். நீளம் என்ற பேச்சே அதில் இல்லை. எந்தப் பக்கம் எந்தத் திசையில் போகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். திசையைப் பற்றி மட்டுமே தெரிந்த ஒருவர் நீளத்தைப் பற்றி எப்படிப் பேச முடிகிறது? அதற்கு வழி காட்டுவதுதான் நிரூபணம்.

‘எதிர்ப்பக்கங்கள் சமமாகவும் இணையாகவும் உள்ள நாற்கரம் இணைகரம்’ என்று சிலர் மனப்பாடம் செய்திருப்பார்கள். அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதையே வரையறையாக எடுத்துக்கொண்டால் நிரூபிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

கையில் இருக்க வேண்டியவை

உள்ளே நுழையும் முன் மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் ஏற்கெனவே படித்தவைதான்.

இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டினால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். இதுதான் முதலாவது. குறுக்குவெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு கோணம், அந்தப் பக்கம் ஒரு கோணம், இரண்டும் இணைகோடுகளுக்கு நடுவே. இந்த நிரூபணத்தில் ‘இணை’ என்ற சொல்லிலிருந்து நாம் எடுக்கப்போவது இது ஒன்றை மட்டும்தான்.

இரண்டாவது, சர்வசமத்துக்கான கோணம்-பக்கம்-கோணம் விதி. சுருக்கமாக கோ-ப-கோ. ஒரு முக்கோணத்தின் இரு கோணங்களும் அவற்றுக்கு இடையிலுள்ள பக்கமும் மற்றொன்றின் இரு கோணங்களுக்கும் இடைப்பக்கத்துக்கும் சமமானால், இரண்டு முக்கோணங்களும் சர்வசமம். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் இதையே ஒருங்கிசைவு என்பார்கள். இதை ஏன் நம்பலாம் என்று சந்தேகம் வந்தால் வரைந்து பாருங்கள்: 6 செ.மீ. அடிக்கோடு, ஒரு முனையில் 40 டிகிரி, மறுமுனையில் 65 டிகிரி. இரண்டு கதிர்களும் ஓர் இடத்தில்தான் சந்திக்கும். மூன்றாவது முனையை வேறெங்கும் வைக்க இடமில்லை. ஆகவே அதே அளவுகளோடு யார் வரைந்தாலும் அதே முக்கோணம்தான் வரும்.

மூன்றாவது, சர்வசமமான முக்கோணங்களில் ஒத்த பாகங்கள் சமம். ‘ஒத்த’ என்ற சொல்லில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதற்குப் பின்னால் வருவோம்.

படம் வரையும்போதே தொடங்கும் ஏமாற்று

படத்தை எப்படி வரைகிறீர்கள் என்பது சின்ன விஷயமில்லை. நிறையப் பேர் ஸ்கேலைத் தாளில் வைத்து அதன் இரண்டு விளிம்புகளையும் ஒட்டிக் கோடு இழுப்பார்கள். பிறகு ஸ்கேலைச் சாய்த்து வைத்து மறுபடியும் இரண்டு விளிம்பிலும் இழுப்பார்கள். நடுவில் கிடைப்பது இணைகரம்தான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு சோடிக் கோடுகளுக்கும் இடைவெளி அதே ஸ்கேலின் அகலம். அதனால் நான்கு பக்கங்களும் சமமாகி, சாய்சதுரம் ஒன்று வந்து உட்கார்ந்துவிடும்.

சாய்சதுரத்தை வைத்துக்கொண்டு யோசித்தால் கண் தவறான சாட்சி சொல்லும். அடுத்தடுத்த பக்கங்களும் சமம், மூலைவிட்டம் கோணத்தைச் சரிபாதியாக வெட்டுகிறது, இரண்டு மூலைவிட்டங்களும் செங்குத்து என்றெல்லாம் தோன்றும். இவை எதுவுமே பொதுவான இணைகரத்துக்குப் பொருந்தாது. செவ்வகம் வரைந்தாலும் இதே கதைதான். எல்லாக் கோணமும் 90 டிகிரி என்பதால் எந்தக் கோணம் எதற்குச் சமம் என்று பிரித்தறியவே முடியாது.

எளிய வழி ஒன்று உண்டு. கோடு போட்ட நோட்டில் இரண்டு கோடுகளைப் பென்சிலால் அழுத்தி இழுங்கள். அவற்றின் இடைவெளி ஸ்கேலின் அகலத்துக்குச் சமமாக இருக்கக் கூடாது. கொஞ்சம் குறைவாக இருந்தால் நல்லது. இது முதல் சோடி. இப்போது ஸ்கேலை அவற்றின் குறுக்கே நன்றாகச் சாய்த்து வைத்து இரண்டு விளிம்பிலும் இழுங்கள். இது இரண்டாவது சோடி. அடுத்தடுத்த பக்கங்கள் நீளத்தில் வேறுபட்ட, ஒரு பக்கமாகச் சாய்ந்த நல்ல இணைகரம் கிடைக்கும்.

இனிப் பெயர் வைப்போம். நமக்குப் பழகிய வல்லின வரிசையையே எடுத்துக்கொள்ளலாம்: கீழே இடது முனை க, கீழே வலது முனை ச, மேலே வலது முனை ட, மேலே இடது முனை த. சுற்றி வரும் வரிசையில்தான் பெயர் வைக்க வேண்டும். கசடத என்று சொன்னால் க-விலிருந்து ச, ச-விலிருந்து ட, ட-விலிருந்து த, மறுபடி க என்று விளிம்போடு நடக்க வேண்டும்; நடுவே குறுக்கே பாயக் கூடாது.

ஆகவே பக்கங்கள் கச, சட, டத, தக. இவற்றில் கச-வும் தட-வும் இணை. சட-வும் கத-வும் இணை. முதல் சோடியில் ஒற்றை அம்புக்குறியும் இரண்டாவது சோடியில் இரட்டை அம்புக்குறியும் போட்டு வையுங்கள். சமத்தைக் குறிக்கும் சிறு குறுக்குக்கோடுகளைப் பக்கங்களில் இப்போதே போட்டுவிட வேண்டாம். பழக்கதோஷத்தில் பலர் போட்டுவிட்டு, ஐந்தாவது வரியில் ‘படத்தில் சமம் என்று இருக்கிறதே’ என்று அதையே காரணமாக எழுதிவிடுகிறார்கள்.

ஒரு கோடு போதும்

நமக்குத் தெரிந்த ஒப்பிடும் கருவிகள் எல்லாம் முக்கோணத்துக்கானவை: ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ. நாற்கரத்துக்கு அப்படி ஒரு விதியும் நம் கையில் இல்லை. எனவே நாற்கரத்தை முக்கோணங்களாக்க வேண்டும். க-வையும் ட-வையும் சேருங்கள். இந்த மூலைவிட்டம் மூன்று வேலைகளை ஒருசேரச் செய்கிறது. இணைகரத்தை இரண்டு முக்கோணங்களாக வெட்டுகிறது. இரண்டு சோடி இணைகோடுகளுக்கும் குறுக்குவெட்டியாக நிற்கிறது. இரண்டு முக்கோணங்களுக்கும் பொதுவான பக்கமாகவும் ஆகிறது. நிரூபணத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய பகுதி இது ஒன்றே. மற்றதெல்லாம் ஒழுங்காக எழுதும் வேலை.

இரண்டு முக்கோணங்கள்: கீழே வலப்பக்கம் கசட, மேலே இடப்பக்கம் டதக.

கோணங்களைப் பிடிப்பது

ஒவ்வொரு சோடியையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு துண்டுத் தாளால் சட, கத பக்கங்களை மறைத்துக்கொண்டால் மிஞ்சுவது கச, தட என்ற இரண்டு இணைகோடுகளும் அவற்றைச் சேர்க்கும் கட-வும். ஆங்கில ‘இசட்’ எழுத்தைச் சாய்த்துப் போட்ட மாதிரி இருக்கும். அதன் இரண்டு உள்மூலைகளும் ஒன்றுவிட்ட கோணங்கள்.

கோணங்களுக்குப் பெயர் எழுதும்போது குழப்பம் வராமலிருக்க ஒரு சிறு உத்தி. அந்த வடிவத்தின்மேல் விரலை ஓட்டுங்கள்: ச-வில் தொடங்கி க, அங்கிருந்து மூலைவிட்டத்தின் வழியே ட, அங்கிருந்து த. விரல் போன பாதை ச-க-ட-த. முதல் மூன்று எழுத்துகள் ஒரு கோணம்: ∠சகட. கடைசி மூன்று எழுத்துகள் மற்றொரு கோணம்: ∠கடத. கச-வும் தட-வும் இணை என்பதால் இவை இரண்டும் சமம்.

அடுத்து கச, தட பக்கங்களை மறையுங்கள். இப்போது விரல் த-வில் தொடங்கி க, மூலைவிட்டத்தின் வழியே ட, பிறகு ச. பாதை த-க-ட-ச. முதல் மூன்று எழுத்துகள் ∠தகட, கடைசி மூன்று ∠கடச. சட-வும் கத-வும் இணை என்பதால் இவையும் சமம்.

இரண்டு பாதைகளிலும் நடு எழுத்துகள் க, ட என்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது மூலைவிட்டம், குறுக்குவெட்டி எப்போதும் நடுவில்தான் வரும். அப்படி வரவில்லையென்றால் பாதை தவறு.

மடிக்காதீர்கள், சுழற்றுங்கள்

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுங்கள். நோட்டில் வரைந்ததை வெட்டியெடுத்து, முனைகளின் எழுத்துகளை முனைக்கு உட்புறமாகத் தெளிவாக எழுதி, மூலைவிட்டத்தின் வழியே மடித்துப் பாருங்கள். ச போய் த-வின்மேல் உட்காராது. ஒரு முக்கோணத்தின் நுனி மற்றொன்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இதைப் பார்த்து ‘அப்படியானால் இரண்டு முக்கோணங்களும் சமமில்லையோ’ என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். மடித்தால் பொருந்துவது சாய்சதுரத்தின் குணம்.

மூலைவிட்டத்தின் வழியே வெட்டிவிடுங்கள். கசட என்ற துண்டை மேசையைவிட்டு எடுக்காமல், கவிழ்க்காமல், அரைச்சுற்றுச் சுழற்றி மற்றத் துண்டின்மேல் நகர்த்துங்கள். இம்மி பிசகாமல் பொருந்தும். இப்போது எந்த எழுத்தின்மேல் எது கிடக்கிறது என்று பாருங்கள். க இருந்த முனை ட-வின்மேல். ச இருந்த முனை த-வின்மேல். ட இருந்த முனை க-வின்மேல்.

அந்த வரிசையை அப்படியே எழுதினால் △கசட ≡ △டதக. முதல் எழுத்துக்கு முதல் எழுத்து, இரண்டாவதற்கு இரண்டாவது, மூன்றாவதற்கு மூன்றாவது. சர்வசமக் குறியின் இருபுறமும் எழுத்துகளை எந்த வரிசையில் எழுதினாலும் சரிதானே என்று நினைத்துவிட வேண்டாம். △கசட ≡ △கதட என்று எழுதினால் என்ன ஆகும் பாருங்கள்: முதலிரண்டு எழுத்துகள் கச, கத. ஆகவே கச = கத என்று வருகிறது. அவை எதிர்ப்பக்கங்கள் இல்லை, அடுத்தடுத்த பக்கங்கள். எழுத்தின் வரிசையை மாற்றிய ஒரே குற்றத்துக்காக உலகத்து இணைகரங்கள் அத்தனையும் சாய்சதுரமாகிவிடும்!

விடைத்தாளில் எழுதுவது

யோசனை முடிந்தது. இனி எழுத்து. கீழே உள்ள அமைப்பில் எழுதினால் யார் திருத்தினாலும் கேள்வி எழாது.

கொடுக்கப்பட்டவை: கசடத ஓர் இணைகரம். அதாவது கச ∥ தட, சட ∥ கத.

நிரூபிக்க வேண்டியது: கச = டத, சட = தக.

அமைப்பு: மூலைவிட்டம் கட வரைக.

நிரூபணம்: △கசட, △டதக ஆகியவற்றில்,

∠சகட = ∠தடக (கச ∥ தட, கட குறுக்குவெட்டி; ஒன்றுவிட்ட கோணங்கள்) … (1)

கட = டக (பொதுப்பக்கம்) … (2)

∠சடக = ∠தகட (சட ∥ கத, கட குறுக்குவெட்டி; ஒன்றுவிட்ட கோணங்கள்) … (3)

(1), (2), (3) ஆகியவற்றிலிருந்து △கசட ≡ △டதக (கோ-ப-கோ).

எனவே கச = டத, சட = தக (சர்வசம முக்கோணங்களின் ஒத்த பக்கங்கள்). நிரூபிக்கப்பட்டது.

அடைப்புக்குறிக்குள் இருப்பவைதான் நிரூபணத்தின் உயிர். ‘ஒன்றுவிட்ட கோணங்கள்’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால் பாதிக் காரணம்தான் சொன்னதாகும். எந்தக் கோடுகள் இணை, எது குறுக்குவெட்டி என்பதும் வேண்டும். ஏனென்றால் ஒன்றுவிட்ட கோணங்கள் எப்போதும் இருக்கும். அவை சமமாவது கோடுகள் இணையாக இருக்கும்போது மட்டும்தான்.

கோணத்தை (1)-இல் ∠கடத என்று எழுதாமல் ∠தடக என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். இரண்டும் ஒரே கோணம். ஆனால் சர்வசம வரிசை க→ட, ச→த, ட→க என்பதால் சகட என்பதற்கு நேராகத் தடக என்று வருகிறது. இது கட்டாயமில்லை, எழுதிப் பழகினால் வரிசை தானாகவே சரியாக வந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதே நிரூபணம் வேறு இரண்டு செய்திகளையும் இலவசமாகத் தருகிறது. மூன்றாவது கோணங்களும் சமமாக வேண்டும் என்பதால் ∠கசட = ∠டதக, அதாவது எதிர்க்கோணங்கள் சமம். இரண்டு முக்கோணங்களும் சர்வசமம் என்பதால் மூலைவிட்டம் பரப்பளவைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. கி.மு. 300-ஐ ஒட்டி அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த யூக்ளிட் தம் ‘எலிமென்ட்ஸ்’ நூலின் முதல் பகுதியில் 34-ஆவது தேற்றமாக இந்த மூன்றையும் ஒன்றாகவே சொல்லியிருக்கிறார். அவர் வரைந்ததும் இதே மூலைவிட்டம்தான்.

சரிவகத்தை வைத்து ஒரு சோதனை

எழுதி முடித்த நிரூபணம் சரியா தவறா என்று நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். என் பார்வையில், இந்தத் தேற்றத்தை மனப்பாடம் செய்தவரையும் புரிந்துகொண்டவரையும் பிரித்துக்காட்டுவது இதுதான்.

கேள்வியில் உங்களுக்குக் கொடுத்திருப்பது இரண்டு இணைச் செய்திகள்: கச ∥ தட ஒன்று, சட ∥ கத மற்றொன்று. கடைக்கு அனுப்பும்போது கொடுத்த இரண்டு நோட்டுகளுக்கும் வீட்டில் கணக்குக் கேட்பது போல, இரண்டு செய்திகளையும் எந்த வரியில் செலவு செய்தீர்கள் என்று உங்களையே கேளுங்கள். ஒன்று கையிலேயே மிஞ்சியிருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

ஏன் அப்படி? கச ∥ தட என்பதை மட்டும் பயன்படுத்தி ஒருவர் கச = டத என்று நிரூபித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த நிரூபணத்தில் சட ∥ கத என்ற பேச்சே வராததால், அது சரிவகத்துக்கும் பொருந்தியாக வேண்டும். ஆனால் சரிவகத்தின் இணைப்பக்கங்கள் 8 செ.மீ., 5 செ.மீ. என்று தாராளமாக வேறுபடலாம். ஆக அந்த நிரூபணம் பொய் சொல்கிறது. எந்த வரியில் என்று தேட வேண்டியதுதான் பாக்கி.

8, 5 அளவுள்ள அந்தச் சரிவகத்தையே வரைந்து, மூலைவிட்டத்தையும் வரைந்து, மேலே உள்ள நிரூபணத்தை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். (1) சரியாக வரும். (2) சரியாக வரும். (3)-க்கு வந்ததும் காரணம் கிடைக்காமல் நின்றுவிடும். ஒரு கோணமும் ஒரு பக்கமும் மட்டும் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு சர்வசமம் சொல்ல முடியாது. நிரூபணம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது என்றால் அது ஆரோக்கியமான நிரூபணம்.

வழக்கமாக நடக்கும் தவறுகள் பலவும் இந்தச் சோதனையில் சிக்கிவிடும். ‘கச = டத, சட = தக, கட பொது; ஆகவே ப-ப-ப’ என்று எழுதுவது மிகச் சாதாரணம். பார்க்க மிடுக்காக இருக்கும், முடிவும் சரியாக வரும். ஆனால் நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியில் எடுத்துக்கொண்டாயிற்று. இணை என்ற சொல் எங்குமே செலவாகவில்லை. ‘எதிர்க்கோணங்கள் சமம்’ என்று தொடங்குவது இன்னொரு வகை. அது உண்மைதான், ஆனால் அதற்கும் நிரூபணம் வேண்டும். இணைகோடுகளுக்கு இடையே குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்திலுள்ள உட்கோணங்களின் கூடுதல் 180 டிகிரி என்பதிலிருந்து அதை முதலில் நிறுவிவிட்டு மேலே போனால் ஆட்சேபணை இல்லை. வெறுமனே ‘இணைகரத்தின் பண்பு’ என்று எழுதிவிட்டுப் போவது செல்லாது. அப்படியே விட்டால் இந்தத் தேற்றத்தையும் ‘இணைகரத்தின் பண்பு’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே!

மற்றொரு தவறு ∠சகட = ∠சடக என்று எழுதுவது. இரண்டும் ஒரே முக்கோணத்தில் இருக்கும் கோணங்கள். அவை சமமென்றால் அந்த முக்கோணம் இருசமபக்க முக்கோணமாகிவிடும், மறுபடியும் சாய்சதுரம்தான். விரலை ஓட்டிப் பார்த்திருந்தால் இந்தத் தவறு வராது.

எண்களில் ஒரு முறை

படத்தைவிட எண்களில் நம்பிக்கை உள்ளவர்களுக்காக: வரைபடத்தாளில் க (0, 0), ச (5, 0), த (2, 3) என்று மூன்று புள்ளிகளைக் குறியுங்கள். ட எங்கே வரும்? ‘(7, 3)’ என்று சட்டென்று வைத்துவிடாதீர்கள். தட-வின் நீளம் 5 என்று எடுத்துக்கொண்டுதான் அப்படி வைக்கிறீர்கள் என்றால் அதுவும் சுற்றி வளைத்த அதே தவறு. இணை என்பதை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். தட என்பது கச-வுக்கு இணை என்பதால் கிடைக்கோடு; ஆகவே ட-வின் உயரம் 3. சட என்பது கத-வுக்கு இணை. கத-வில் 2 அலகு வலப்பக்கம் போனால் 3 அலகு மேலே ஏறுகிறோம். அதே சாய்வில் ச-விலிருந்து 3 அலகு ஏற, 2 அலகு வலப்பக்கம் போக வேண்டும். எனவே ட (7, 3). இப்போது தட = 7 − 2 = 5 = கச. கத, சட இரண்டும் √(4 + 9) = √13. கணக்கு பொருந்துகிறது. ஆனால் இது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. விடைத்தாளில் நிரூபணத்துக்குப் பதிலாக இதை எழுத முடியாது.

மறுதலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

‘இணைகரம் என்றால் எதிர்ப்பக்கங்கள் சமம்’ என்பது நாம் நிரூபித்தது. ‘எதிர்ப்பக்கங்கள் சமம் என்றால் இணைகரம்’ என்பது அதன் மறுதலை. கேள்வித்தாளில் எது கேட்கப்பட்டிருக்கிறது என்று இரண்டு முறை படித்துவிட்டுத் தொடங்குங்கள். மறுதலையில் சமம் என்பது தரவு, இணை என்பது முடிவு. அங்கே அதே மூலைவிட்டத்தை வரைந்து, முன்பு செல்லாது என்று சொன்ன ப-ப-ப விதியை உரிமையோடு பயன்படுத்தலாம். முக்கோணங்கள் சர்வசமமானதும் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். ஒன்றுவிட்ட கோணங்கள் சமமானதால் கோடுகள் இணை.

நடைமுறையில் அதிகம் உழைப்பது மறுதலைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலின் நீராவி இன்ஜினில் சக்கரங்களைக் கோத்திருக்கும் இரும்புத் தண்டைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் தண்டு மாட்டியிருக்கும் முளை, மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு முளைகளுக்கு இடையிலான தண்டின் நீளம், அந்தச் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்துக்குச் சமம். இரண்டு மையங்கள், இரண்டு முளைகள். எதிர்ப்பக்கங்கள் சமமான நாற்கரம். ஆகவே சக்கரம் எந்த நிலையில் இருந்தாலும் தண்டு தண்டவாளத்துக்கு இணையாகவே ஏறி இறங்குகிறது. நான்கு புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வரும் கணத்தில் மட்டும் நாற்கரம் தட்டையாகிவிடும். அந்த இடத்திலிருந்து பக்கங்கள் குறுக்காகப் பின்னிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதைத் தவிர்க்க, இன்ஜினின் மறுபக்கத்துத் தண்டைக் கால் சுற்றுத் தள்ளிப் பொருத்துகிறார்கள். மறுதலையை எழுதும்போது ‘ச-வும் த-வும் கட-வின் எதிரெதிர்ப் புறங்களில் உள்ளன’ என்று ஒரு வரி சேர்ப்பது ஏன் நல்லது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்னும் ஆழமாகக் கேட்பவர்களுக்கு

இந்த நிரூபணம் எதன்மேல் நிற்கிறது என்று தோண்டினால், இணைகோடுகளின் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்ற செய்திக்கு வந்து சேர்வோம். யூக்ளிட்டின் வரிசையில் அது 29-ஆவது தேற்றம். இணைகோடுகளைப் பற்றிய ஐந்தாவது அடிக்கோளை அவர் முதன்முதலாகக் கையில் எடுப்பதும் அங்கேதான். 19-ஆம் நூற்றாண்டில் லோபசெவ்ஸ்கியும் போல்யாயும் அந்த அடிக்கோளை ஒதுக்கிவிட்டு வேறொரு வடிவியலைக் கட்டினார்கள். அங்கே எதிர்ப்பக்கங்கள் ஒன்றையொன்று சந்திக்காமலே இருந்தும் நீளத்தில் வேறுபடலாம். பூகோள உருண்டையின்மேல் நிலைமை இன்னும் மோசம்: நேர்கோட்டின் இடத்தில் நிற்கும் பெருவட்டங்கள் எந்த இரண்டும் வெட்டிக்கொள்ளும் என்பதால் இணைகரமே வரைய முடியாது. பரீட்சைக்கு இது வேண்டாம். ‘கண்ணுக்கே தெரிகிறதே, எதற்கு நிரூபணம்’ என்பவர்களிடம் சொல்ல உதவும்.

கைப்பழக்கத்துக்குச் சில கணக்குகள்

முதலாவது சுலபம். ஓர் இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் இரண்டு (3அ + 2) செ.மீ., (5அ − 8) செ.மீ. சுற்றளவு 54 செ.மீ. என்றால் நான்கு பக்கங்களையும் காண்க. இரண்டையும் சமப்படுத்தினால் அ = 5; ஒரு பக்கம் 17. மீதி 54 − 34 = 20, அதில் பாதி 10. பக்கங்கள் 17, 10, 17, 10.

இரண்டாவது, மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக் கூறிடும் என்று நிரூபிப்பது. மூலைவிட்டங்கள் கட, சத வெட்டும் புள்ளியை ப என்று வையுங்கள். △கபச, △டபத என்ற இரண்டையும் ஒப்பிட வேண்டும். கச = டத என்பதற்கு இன்று நிரூபித்த தேற்றமே காரணம். இருபுறமும் உள்ள கோணங்களுக்குக் கச ∥ தட போதும். ஆனால் குறுக்குவெட்டி ஒரு முறை கட, மறு முறை சத. விரலை ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்.

மூன்றாவது: நாற்கரத்தில் ஒரே ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் சமமாகவும் இணையாகவும் இருக்கின்றன, அது இணைகரம் என்று நிரூபிக்கவும். சரிவகச் சோதனையில் (3)-க்குக் காரணம் கிடைக்காமல் நின்றது நினைவிருக்கும். அந்த வெற்றிடத்தை இங்கே கச = டத என்ற தரவு நிரப்புகிறது; விதி மட்டும் ப-கோ-ப ஆக மாறும்.

கடைசியாக ஒன்று: இரண்டு இணைகோடுகளுக்கு இடையிலுள்ள செங்குத்துத் தூரம் எங்கே அளந்தாலும் ஒன்றே என்று நிரூபிக்கவும். ஒரு கோட்டில் க, ச என்று இரண்டு புள்ளிகள். அவற்றிலிருந்து மற்றக் கோட்டுக்குக் கத, சட என்ற செங்குத்துகளை இறக்குங்கள். ஒரே கோட்டுக்குச் செங்குத்தான இரண்டு கோடுகள் தமக்குள் இணை என்பது வரையில் சொல்லிவிட்டேன். மிச்சம் இரண்டு வரிதான், எழுதிப் பாருங்கள்.